கணக்கேட்டில் அகப்பட்டவன்

கொலையும் கொள்ளையுமே தொழிலாகக் கொண்ட ஒருவனுடைய வரலாற்றை இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று அன்பர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். அரசர் வரலாறும் அருளாளர் வரலாறுமே படிக்கத் தக்கன என்பது நம்மவர் கொண்ட வழக்கு. ஆயினும், ஒரு நாட்டின் சட்டம் எங்ஙனம் பழுதுபடுகின்றது, பழுதுபட்ட பின் எவ்வழியால் மீள்கின்றது என்பவற்றை அறிய விரும்பும் மாணாக்கனுக்கு அல் கப்போனுடைய வாழ்க்கை பெரிதும் உதவும். திரைப்படங்கள் அவனை ஒரு வீரனாக்கி விட்டமையால், உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் பின்னும் வேண்டுவதாயிற்று.

அல்போன்ஸ் கப்போன் 1899 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆந் திகதி நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிற் பிறந்தான். பெற்றோர் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். தந்தை கபிரியேலே சவரத் தொழில் செய்து ஒன்பது பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். களவு கொலை எவற்றோடும் தொடர்பில்லாதவர். மகனோ ஆறாம் வகுப்பிற் படிக்கும்போது, தன்னை அடித்த ஆசிரியையைத் திருப்பி அடித்தான். அதற்காகத் தலைமையாசிரியரிடம் அடிவாங்கிப் பள்ளியை விட்டு நீங்கினான். அப்போது அவனுக்கு வயது 14. கணக்கிலே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த பிள்ளை அவன். அந்தக் கணக்கே பின்னாளில் அவனைத் தேடி வந்தது.

கோனித்தீவில் பிராங்கி யேல் என்னும் தீயவன் நடத்திய மதுச்சாலையில் ஏவலாளாய் இருந்த காலத்தில், 1917 அளவில், அங்கு வந்த ஓர் இளம்பெண்ணிடம் தகாத வார்த்தை பேசினான். அவளுடைய தமையன் கத்தியை உருவி அவன் இடக்கன்னத்தைக் கீறிவிட்டான். முகத்தழும்பன் என்று பத்திரிகைகள் அவனுக்கு இட்ட பெயர் இவ்வாறு வந்ததே. அப்பெயரை அவன் வெறுத்தான். படம் பிடிப்போருக்கு வலப்பக்கத்தையே காட்டினான். உலகப் போரில் பிரான்சிற் பெற்ற விழுப்புண் என்றுஞ் சொல்லித் திரிந்தான். அவன் ஒருநாளேனும் போர்க்களத்தை மிதித்தவனல்லன். 1918 இல் அயர்லாந்து மரபினளான மே என்பவளை மணந்தான். ஒரே மகன் பிறந்தான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 17 ஆந் திகதி. அன்றுதான் கப்போனுக்கு 21 வயது நிறைந்தது. வாக்குரிமை பெறும் வயதில் அரசாங்கம் அவனுக்கு அளித்த பிறந்தநாட் பரிசு இது என்னலாம். அச்சட்டம் மதுவை ஆக்குதல், விற்றல், கொண்டு செல்லல் ஆகியவற்றைத் தடுத்ததேயன்றிக் குடித்தலைக் குற்றமாக்கவில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சட்டமே அது. ஆனால் விற்பவன் கையைக் கட்டி, குடிப்பவன் வாயைத் திறந்து வைத்த சட்டம். இடையில் நின்று இரண்டையும் இணைக்கத் துணிந்தவனுக்குப் பொன்மழை பொழிந்தது.

இவ்வளவில் கப்போன் சிக்காகோ நகருக்குப் பெயர்ந்து, நியூயோர்க்கிற் பழகிய ஜொனி டொறியோவின் கீழ் அமர்ந்தான். டொறியோ மெலிந்த தோற்றமும் அமைந்த பேச்சும் உடையவன். கள்ள மது வாணிகத்தை ஒரு பெருங் கொம்பனியைப் போல் ஒழுங்குபடுத்தியவன். பியர் வடித்தல், கனடாவிலிருந்து விஸ்கி கடத்தல், மறைவிடச் சாலைகளுக்கு வழங்கல், பொலிஸாருக்கும் அரசியலாளருக்கும் மாதந் தவறாது படியளத்தல் ஆகிய யாவும் அவன் வகுத்த முறைகளே. வேலியே பயிரை மேயும்போது யாரிடம் முறையிடுவது? 1924 ஏப்பிரலில் சிசெரோ என்னும் அயல் நகரத் தேர்தலைத் துப்பாக்கி முனையில் நடத்தித் தம்மவரை வெல்லச் செய்தனர். அன்று நடந்த மோதலில் கப்போனின் தமையன் பிராங்க் பொலிஸாராற் கொல்லப்பட்டான்.

நகரின் வடபகுதியில் டீன் ஓபானியன் என்பவன் இவர்களுக்குப் பகைவனாயினான். அவன் பேராலயம் ஒன்றன் எதிரே பூக்கடை வைத்திருந்தான். 1924 நவம்பர் 10 ஆந் திகதி மலர்வளையம் வாங்குவார் போல மூவர் வந்தனர். ஒருவன் கைகுலுக்கக் கை நீட்டினான், பற்றிய கையை விடவில்லை, மற்றவர்கள் சுட்டனர். அக்கொலைக்காக ஒருவனும் தண்டிக்கப்படவில்லை. இரண்டு மாதங் கழித்து டொறியோ தன் வீட்டு வாயிலிற் சுடப்பட்டு உயிர் தப்பினான். தப்பியவன் தொழிலையே துறந்து, ஆட்சியைக் கப்போன் கையில் ஒப்புவித்தான். அப்போது கப்போனுக்கு 26 வயது.

அடுத்த நான்காண்டுகளில் நடந்த கொலைகளைத் தனித்தனி சொல்லுதல் அலுப்பாகும். ஒன்றை மட்டும் விட முடியாது. 1929 பெப்ரவரி 14 ஆந் திகதி, காதலர் நாளென்று மேல்நாட்டார் கொண்டாடும் அந்நாட் காலையில், வட கிளார்க் வீதியிலிருந்த ஒரு கராஜினுள் நால்வர் புகுந்தனர். இருவர் பொலிஸ் உடை தரித்திருந்தனர். உள்ளே நின்ற ஏழுபேரும் சோதனைதான் நடக்கிறது என்று நம்பிச் சுவரை நோக்கி வரிசையாய் நின்றனர். நின்றபடியே எந்திரத் துப்பாக்கிக்கு இரையாயினர். தேடப்பட்ட பகைவனான மோரன் அங்கிருந்திலன். இறந்த எழுவருள் ஒருவன் வண்டி திருத்தும் தொழிலாளி. இன்னொருவன் கள்வரோடு பழகுவதிற் பெருமை கண்ட ஒரு கண்ணாடிக்காரன். ஒருவன் மட்டும் சில மணிநேரம் உயிரோடிருந்தான். சுட்டவர் யாரென்று பொலிஸார் கேட்டபோது வாய் திறவாமலே இறந்தான். கப்போன் அப்பொழுது புளோரிடாவில் இருந்தான். அவன் ஏவலென்றே பலரும் கருதினர். ஆயினும் அவ்வேழு கொலைகளுக்காக எவரும் நீதிமன்றத்திற் குற்றவாளியாகக் காணப்படவில்லை.

இத்தனைக்கும் மக்களிற் பலர் அவனைக் கொடையாளி என்றனர். பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தோருக்கு 1930 இல் அவன் கஞ்சித்தொட்டி திறந்தான். நாடோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கு உண்டனர். பசித்தவனைக் குறை கூறற்கில்லை. ஆனால் அள்ளியிட்ட கையில் ஒட்டியிருந்தது என்ன என்பதை வயிறு நிறைந்தவர்களேனும் எண்ணியிருக்கலாம். அவ்வாண்டிலேயே சிக்காகோ குற்றத்தடுப்புக் குழுவினர் பொதுமக்கட் பகைவர் 28 பேரின் பட்டியலை வெளியிட்டு, அவன் பெயரை முதலில் நிறுத்தினர்.

கொலைக்குச் சாட்சி கிடையாது. மதுக் கடத்தலுக்கும் அவன் கையெழுத்துக் கிடையாது. வங்கிக் கணக்கும் அவன் பெயரில் இல்லை. அப்படியிருக்க, வழி பிறந்தது வேறொரு திசையில். தீய தொழிலில் வந்த வருமானத்துக்கும் வரியுண்டு என்று 1927 இல் அந்நாட்டு மேல்நீதிமன்றம் தீர்த்திருந்தது. வரித் திணைக்களத்தைச் சேர்ந்த பிராங்க் வில்சன் என்னும் அதிகாரி, பழைய சோதனைகளிற் கைப்பற்றிய பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சிசெரோவிலிருந்த ஒரு சூதாட்டச் சாலையில் 1926 இல் எடுத்த கணக்கேடுகள் அவர் கண்ணிற் பட்டன. ஆண்டுக்கணக்காக ஒருவரும் புரட்டிப் பாராது கிடந்தவை அவை. இலாபப் பங்கீடு அவற்றில் எழுதப்பட்டிருந்தது. எழுதிய கணக்கப்பிள்ளை யார்? நகரத்திற் கிடைத்த கையெழுத்துக்களோடு ஒப்புநோக்கி, லெஸ்லி ஷம்வே என்று கண்டு, அவனைப் புளோரிடாவிற் பிடித்துச் சாட்சியாக்கினர். ஏட்டுச்சுவடிகளின் எழுத்தையும் பாடபேதத்தையும் ஒப்புநோக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட எம்மனோர்க்கு வில்சனின் உழைப்பு எத்தகையதென்று சொல்லவேண்டியதில்லை. உலகம் எலியட் நெஸ் என்பவரையே புகழ்கின்றது. அவர் கைக்கூலி வாங்காத நல்லதிகாரி, மதுச்சாலைகளை உடைத்தவர். எனினும் கப்போனைச் சிறையிலிட்டது கோடரியன்று, பேனை.

1931 அக்டோபரில் வழக்கு விசாரணை நடந்தது. யூரிமாரிற் பலருக்குக் கையூட்டுப் போயிற்று என்று செய்தி வந்தது. நீதிபதி வில்கர்சன் ஒன்றும் பேசாது, விசாரணை தொடங்கும் அன்று வேறொரு நீதிமன்றத்து யூரிப் பட்டியலைத் தன் மன்றத்துக்கு மாற்றிக்கொண்டார். 17 ஆந் திகதி, 23 குற்றச்சாட்டுக்களில் ஐந்தில் அவன் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 11 ஆண்டுச் சிறை. 50,000 டொலர் அபராதம். அரசுக்கு அவன் கட்டத் தவறியதாகச் சாட்டப்பட்ட வரி 2 இலட்சத்து 15 ஆயிரம் டொலர் அளவு. கராஜிற் கிடந்த ஏழு பிணங்களைப் பற்றி அத்தீர்ப்பில் ஒரு சொல்லுமில்லை. வரி கட்டியிருந்தால் அவன் வீட்டிலேயே இருந்திருப்பான் அல்லவா என்று மாணாக்கர் கேட்பதுண்டு. ஆம், இருந்திருக்கலாம். இதை நீதியின் வெற்றியென்று முழுவாயாற் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தத் தொழிலாளியின் குடும்பத்தாருக்கும் எழுந்திராது.

யூரிமார் செய்தியைத் தெரிவித்தவர் எட்வேர்ட் ஓஹேர் என்னும் வழக்கறிஞர். கப்போனோடு நாயோட்டப் பந்தயத் தொழிலிற் கூட்டாயிருந்தவர். தம் மகனைக் கடற்படைக் கல்லூரியிற் சேர்க்கும் விருப்பமே அவரை மனம் மாற்றியதென்று பலர் எழுதியுள்ளனர். கப்போன் விடுதலை பெறுதற்குச் சில நாள் முன், 1939 நவம்பரில், அவர் தம் மோட்டார் வண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனோ விமானியாகி, 1942 இல் ஜப்பானியக் குண்டு விமானங்களைத் தனித்து எதிர்த்துத் தன் கப்பலைக் காத்தான். மறு ஆண்டில் போரிலே மாண்டான். சிக்காகோவின் பெரிய விமான நிலையம் 1949 முதல் தாங்குவது அவன் பெயரை. அவன் காத்த கப்பலின் பெயர் லெக்சிங்டன். கப்போன் கொலுவீற்றிருந்த ஹோட்டலின் பெயரும் லெக்சிங்டனே.

கப்போனின் மூத்த தமையன் வின்சென்சோ கதை இதனினும் வியப்பு. இளமையிலே வீட்டை விட்டோடி, ரிச்சர்ட் ஹார்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, நெப்ராஸ்கா மாநிலத்தில் மதுவிலக்கு அதிகாரியாகி, கள்ளச்சாராயம் காய்ச்சுவோரைத் துரத்திப் பிடித்துப் புகழ்பெற்றான். ஒருதாய் வயிற்றில் இருவர்!

முதலில் அட்லாண்டா, 1934 முதல் அல்காட்றாஸ் தீவு என்று சிறைகளில் நாட்கள் கழிந்தன. அத்தீவில் அவன் 85 ஆம் இலக்கக் கைதி. அங்கே சிறைப் பாண்டுக் குழுவில் பாஞ்சோ வாசித்தான். துணிவெளுக்கும் பகுதியில் வேலை செய்தான். சக கைதியொருவன் கத்தரிக்கோலாற் குத்தவும் பட்டான். இளமையிற் பற்றிய மேகநோய் மூளைக்கேறி அறிவைத் தின்றது. 1939 நவம்பரில் விடுதலையானபோது அவனைக் கண்டு அஞ்சுவார் எவருமிலர். போல்டிமோர் நகரில் ஒரு மருத்துவமனை மறுத்தபின் இன்னொன்று அவனை ஏற்றது. நன்றியாக அதற்கு இரண்டு செரி மரங்களைக் கொடுத்தான். புதிதாய் வந்த பெனிசிலினும் பயன் தரவில்லை. 1946 இல் அவனைச் சோதித்த மருத்துவர்கள், அவன் அறிவு 12 வயதுப் பிள்ளையின் அளவிற்று என்றனர்; பள்ளியை விட்டோடிய வயதுக்கும் இரண்டாண்டு கீழே போயிருந்தான்.

1947 ஜனவரி 25 ஆந் திகதி, மயாமியை அடுத்த பாம் தீவு வீட்டில், மனைவி மக்கள் சூழ இறந்தான், வயது 48. முதலில் சிக்காகோவில் ஓரிடத்திற் புதைத்த உடலைப் பின்னர் எடுத்துச் சென்று மவுண்ட் கார்மல் மயானத்தில் அடக்கினர். பூக்கடைக்கார ஓபானியன் 1924 முதல் அந்த மயானத்திலேயே கிடக்கிறான்.