மொட்டை மாடியில் குடுவைகளை அடுக்கிய பேராசிரியர்... சூரிய எரிபொருளை 1912-லேயே கணித்த சாமிச்சியான் யார்?

இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழகம், 1900-களின் தொடக்கம். வேதியியல் கூடத்து மொட்டை மாடி முழுக்க வெயிலில் கண்ணாடிக் குடுவைகள். நடுவில் தாடி வைத்த ஒரு பேராசிரியர். வடாம் காயப்போட்டுக் காவல் இருப்பாங்களே, கிட்டத்தட்ட அப்படித்தான்.

அவர் பெயர் ஜாகோமோ சாமிச்சியான். கார்பன் டை ஆக்சைடை சூரிய ஒளியால் எரிபொருளாக மாற்றும் ஆராய்ச்சி பற்றி இப்போ படிக்கிறோமே, அதற்கு முதலில் கனவு கண்டவர்களில் ஒருவர்.

1857-ல் ட்ரியெஸ்ட் நகரில், ஆர்மீனிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னாவில் படிப்பு, ஜெர்மனியில் முனைவர் பட்டம். 1889-ல் போலோனியாவுக்கு வந்தவர் கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார்.

பவுல் சில்பர் என்ற ஜெர்மானியரும் இவரும் சேர்ந்து, வேதிப்பொருட்களைக் குடுவையில் அடைத்து மாதக்கணக்கில் வெயிலில் வைப்பார்கள். உள்ளே நடக்கும் மாற்றத்துக்குக் காரணம் வெயிலின் சூடா, ஒளியா? சிவப்பு, நீல ஒளியைத் தனித்தனியாகப் பாய்ச்சிப் பார்த்தார்கள். வேலை செய்தது நீலம்தான். அதாவது காரணம் ஒளி, சூடு இல்லை.

1912 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு வேதியியல் மாநாடு. அங்கேதான் அந்தப் பிரபலமான உரை. நிலக்கரி என்பது பழைய சூரிய ஒளியின் சேமிப்பு, அதைத் தோண்டித் தீர்க்கிறோம் என்றார். சரியான வினையூக்கி கிடைத்தால் தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றலாம், பாலைவனங்களில் கண்ணாடிக் குழாய்களை அமைத்து புகையில்லாத தொழிற்சாலைகள் நடத்தலாம் என்றார். அவருடைய கவலை பூமி சூடாவது அல்ல, நிலக்கரி தீர்ந்துபோவதுதான். ஆனா, பெட்ரோலியம் பெருகிய காலத்தில் இதையெல்லாம் யார் கேட்பார்கள்?

அவர் சொன்ன வினையூக்கிக்கு வழி காட்டியவர்கள் ஜப்பானியர்கள். வெள்ளை பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு மீது ஒளி பட்டால் தண்ணீர் பிரிகிறது என்று 1972-ல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். இதுபோன்ற தூள்களைத் தண்ணீரில் கலந்து, கார்பன் டை ஆக்சைடிலிருந்து மெத்தனால் கிடைத்ததாக 1979-ல் அவர்கள் குழு அறிவித்தது.

சரி, நானோ எதற்கு? ஒளி பட்டதும் துகளுக்குள் ஒரு எலக்ட்ரான் விடுபட்டு, அந்த இடம் காலியாகிறது. எலக்ட்ரான் மேற்பரப்புக்கு வந்தால்தான் கார்பன் டை ஆக்சைடை மாற்ற முடியும். வழியிலேயே காலியிடத்தில் போய் விழுந்துவிட்டால் ஒளி வீண். துகள் நானோ அளவில் இருந்தால் ஓட வேண்டிய தூரம் குறைவு, மேற்பரப்பும் அதிகம். இருந்தும் கிடைக்கும் எரிபொருள் இன்னும் சொற்பம்தான். டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை மட்டுமே பிடிக்கும். வெயிலில் அதன் பங்கோ மிகக் குறைவு.

நோபலுக்கு 9 முறை பரிந்துரைக்கப்பட்டும் பரிசு கிடைக்காமலேயே 1922 ஜனவரி 2 அன்று சாமிச்சியான் இறந்தார். போலோனியா பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்கு இப்போது அவர் பெயர்தான்.