அறுவை அரங்கத்துக்கு வெளியே டாக்டர் அன்சாரி

தர்மபுரியில் 2008இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, நம் மாவட்டத்து முஸ்லிம் வீடுகளிலும் பிள்ளையை டாக்டராக்கும் பேச்சு சகஜமாகிவிட்டது. நீட், கோச்சிங், கட்டணம் என எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். டாக்டரான பின் அந்தப் பிள்ளை சமுதாயத்துக்கு என்ன செய்யும் என்பதை மட்டும் நாம் அதிகம் கேட்பதில்லை. அப்படிக் கேட்கத் தோன்றும்போது நம் நினைவுக்கு வருபவர் மர்ஹூம் டாக்டர் முக்தார் அஹமது அன்சாரி.

1880 டிசம்பர் 25 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டம் யூசுப்பூரில் பிறந்தார். அண்ணன் அப்துல் வஹாப் அன்சாரி பார்வையற்றவர். ஆனாலும் பெயர்பெற்ற யூனானி வைத்தியர். ஹகீம் நாபீனா என்றுதான் மக்கள் அவரை அழைத்தார்கள். தம்பியோ ஹைதராபாத் நிஜாமின் உதவித்தொகையில் பிரிட்டன் சென்று, எடின்பரோவில் உயர் மருத்துவப் பட்டங்கள் பெற்று, லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தார். ஓர் இந்தியருக்கு அன்று அது எளிதில் கிடைக்கும் இடமல்ல. அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். 1910இல் நாடு திரும்பி தில்லியில் தொழிலைத் தொடங்கினார்.

இரண்டே ஆண்டில் பால்கன் போர் மூண்டது. உதுமானியப் படைவீரர்கள் காயம்பட்டு மருத்துவம் இன்றித் தவிக்கும் செய்தி இங்கே வந்தபோது, மௌலானா முஹம்மது அலியின் காம்ரேட் பத்திரிகை மூலமும் ஊர் ஊராகவும் நிதி திரண்டது. 1912 டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறிய மருத்துவக் குழுவின் தலைவர் அன்சாரி. குழுவில் எல்லோரும் டாக்டர்கள் அல்லர். அலிகர் மாணவர்கள் பலர் காயத்துக்குக் கட்டுப்போடவும் நோயாளிகளைத் தூக்கவும் போனார்கள். அவர்களில் பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் என்ற இளைஞர் திரும்பி வரவேயில்லை. துருக்கியிலேயே தங்கி, பின்னாளில் அந்நாட்டின் தூதராக ஆப்கானிஸ்தான் சென்றார். மற்றவர்கள் 1913இல் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அதன்பின் அன்சாரியை அரசியல் விடவில்லை. கிலாஃபத் இயக்கம், முஸ்லிம் லீக், காங்கிரஸ் மூன்றிலும் முன்வரிசையில் நின்றார். 1922இல் சட்டசபைகளுக்குள் போகலாமா கூடாதா என்று காங்கிரஸ் விசாரணைக் குழு மூன்றுக்கு மூன்று எனப் பிரிந்தபோது, கூடாது என்ற பக்கத்தில் அன்சாரியும் ராஜாஜியும் ஒன்றாக இருந்தார்கள். ராஜாஜி பிறந்த ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி, 2004 வரை நமது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவரே தலைவர். சைமன் கமிஷனைப் புறக்கணிப்பது என்று முடிவெடுத்த மாநாடு அது. அடுத்த ஆண்டு நேரு அறிக்கையை அவர் ஆதரித்தார். முஸ்லிம்களுக்கான தனித்தொகுதி முறையை அந்த அறிக்கை ஏற்கவில்லை. துருக்கிக்குப் போன நாட்களிலிருந்து தோளோடு தோள் நின்ற அலி சகோதரர்கள் அதனால் அவரை விட்டு விலகினார்கள். யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றும் நமக்குள் இரு கருத்து உண்டு. ஆனால் பதவிக்காக அவர் அந்த முடிவை எடுக்கவில்லை என்பதே நம் கணிப்பு. 1930களில் சிறைக்கும் போனவர் அவர்.

இத்தனைக்கும் நடுவே மருத்துவத்தை விடவில்லை. நவாபுகளும் மன்னர்களும் அவரது நோயாளிகள். அந்த வருமானத்தில்தான் தில்லி தர்யாகஞ்சில் தாருஸ் ஸலாம் என்ற அவரது வீடு நடந்தது. 1931இல் வைஸ்ராய் இர்வினுடன் பேச்சு நடத்த வந்த காந்தி தங்கியதும் அங்கேதான். 1933இல் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது உடல்நிலையைக் கவனித்த மருத்துவர்களில் அன்சாரியும் ஒருவர்.

அவர் அதிகம் கவலைப்பட்டது ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவைப் பற்றி. 1920இல் அலிகரில் தொடங்கி 1925இல் தில்லிக்கு வந்த அந்தக் கல்வி நிலையத்தை ஹகீம் அஜ்மல் கான் தாங்கி நின்றார். சென்னை மாநாடு முடிந்த சில நாட்களிலேயே அவர் வஃபாத்தானார். பொறுப்பு அன்சாரி மேல் விழுந்தது. 1928இல் அமீரே ஜாமிஆ ஆனார். கையில் பணமில்லை. ஜாகிர் ஹுசைன் உள்ளிட்ட ஆசிரியர்கள் மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை, இருபது ஆண்டுகள் இங்கேயே உழைப்பது என்று உறுதி எடுத்தார்கள். 1935 மார்ச் 1 அன்று ஓக்லாவில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட எந்தப் பெரிய மனிதரையும் தேடவில்லை. ஜாமிஆவின் மிக இளைய மாணவன் அப்துல் அஸீஸைக் கொண்டு நாட்டினார்கள்.

அந்த வளாகம் வளர்வதைப் பார்க்க அன்சாரிக்கு ஆயுள் போதவில்லை. 1936 மே 10 அன்று முசூரியிலிருந்து தில்லி திரும்பும் வழியில், ரயிலிலேயே மாரடைப்பால் வஃபாத்தானார். வயது 55. ஜாமிஆ மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

எய்ம்ஸில் சேர வேண்டும் என்று நம் பிள்ளைகள் கனவு காண்கிறார்கள். தில்லி எய்ம்ஸின் முகவரி, அன்சாரி நகர்.