படுத்துப் பார்த்த கட்டடக் கலைஞர்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். மெஸ் சாம்பார், ஹாஸ்டல் கலாட்டா, கட் அடித்துப் பார்த்த சினிமா... இதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுத எங்கள் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டடம். அதிலும் முப்பது வருஷமாக ஆஸ்பத்திரிக் கட்டடம். ஆகவே, அந்தத் தொழிலில் எனக்குக் கண் திறந்து வைத்த ஒரு மனிதரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஆல்வர் ஆல்டோ. பின்லாந்துக்காரர். 1976ல் காலமானவர். ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் அவர் பெயரைப் பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு மறந்திருப்பார்கள். மற்ற டிபார்ட்மென்ட்காரர்களுக்குப் புதுப் பெயராக இருக்கலாம். பரவாயில்லை, கதை எல்லோருக்கும்தான்.

மேஜைக்கு அடியில் ஒரு பையன்

ஆல்டோ பிறந்தது 1898 பிப்ரவரி 3ம் தேதி, குவோர்தானே என்ற சின்ன ஊரில். அப்பா நில அளவையாளர். நம்ம ஊர் சர்வேயர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வீட்டில் அவருடைய பெரிய வெள்ளை மேஜை ஒன்று. மேலே அப்பாவும் உதவியாளர்களும் வரைபடம் போட்டுக்கொண்டிருக்க, அதன் அடியில் உட்கார்ந்து விளையாடியதைப் பிற்காலத்தில் ஆல்டோ நினைவுகூர்ந்திருக்கிறார். தாய்வழித் தாத்தா காட்டுத் துறைக்காரர். ஒரு பக்கம் வரைபடம், இன்னொரு பக்கம் காடு. இரண்டும் கடைசி வரை அவரை விடவில்லை.

எட்டு வயதில் தாயை இழந்தார். யுவாஸ்குலா என்ற ஊரில் பள்ளிப் படிப்பு. 1916ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பக் கல்லூரியில் ஆர்க்கிடெக்சரில் சேர்ந்தார். படிப்பு நிம்மதியாக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. 1917 டிசம்பரில் பின்லாந்து ரஷ்யாவிடமிருந்து விடுதலை பெற்றது. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர். டீ-ஸ்கொயர் பிடிக்க வேண்டிய வயதில் அவர் வெள்ளைப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார். போர் முடிந்து திரும்பி வந்து, 1921ல் பட்டம் வாங்கினார்.

1923ல் யுவாஸ்குலாவில் சொந்த ஆபீஸ் திறந்தார். இளம் வயசு, கையில் பெரிய வேலை எதுவும் கிடையாது. ஆனாலும் போர்டில் கட்டடக் கலைஞர் என்பதோடு நினைவுச்சின்னக் கலைஞர் என்றும் போட்டுக்கொண்டார்! இப்போது புதிதாக விசிட்டிங் கார்டு அடிக்கும் தம்பிமார்கள் சந்தோஷப்படலாம். ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அடுத்த வருஷம் அந்த ஆபீசுக்கு வேலைக்கு வந்தார் ஐனோ மார்சியோ. ஆல்டோவைவிட நாலு வயது மூத்தவர், அவருக்கு ஒரு வருஷம் முன்பே ஆர்க்கிடெக்ட் ஆனவர். அதே 1924லேயே கல்யாணம். தேனிலவுக்கு இத்தாலி போனார்கள். அங்கே பார்த்த தூண்கள், முற்றங்கள், வெள்ளைச் சுவர்கள் ஆல்டோவின் மனசில் ஒட்டிக்கொண்டன. ஆரம்ப காலக் கட்டடங்கள் எல்லாம் அந்தப் பழைய பாணியில்தான். இதுவரை அவர் நல்ல ஆர்க்கிடெக்ட், அவ்வளவுதான்.

மருந்தில்லாத வியாதிக்கு ஒரு கட்டடம்

திருப்பம் 1929ல் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே தம்பதிகள் துர்க்கு நகரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். அங்கிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி, பைமியோ என்ற இடத்தில், பைன் மரக் காட்டுக்குள் ஒரு காசநோய் சானடோரியம் கட்டப் போட்டி வைத்தார்கள். ஆல்டோவின் வரைபடம் ஜெயித்தது.

நம்மில் பலருக்குச் சானடோரியம் என்றால் தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷன்தான். அந்தப் பெயரே 1928ல் டாக்டர் சவுரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. அந்தக் காலத்தில் டி.பி.க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943ல்தான். அதுவரை உலகம் முழுக்க வைத்தியம் ஒன்றே: நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு. மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. அப்புறம் நோயாளிக்கு என்னதான் இருக்கிறது? கட்டில், ஜன்னல், சுவர், கூரை. கட்டடமே மருந்தாக வேண்டிய நிலைமை!

அந்த வேலை வந்த சமயத்தில் தானும் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்ததாக ஆல்டோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். படுத்தவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. சாதாரண அறை என்பது நிற்கிறவனுக்காகவும் நடக்கிறவனுக்காகவும் செய்தது. படுத்திருக்கிறவனுக்குச் சுவர் முக்கியமில்லை, கூரைதான் உலகம். நேர் மேலே விளக்கு இருந்தால் கண் கூசும். அதை நிற்கிறவன் கவனிக்கவே மாட்டான்.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது ஏதோ வெள்ளைக்காரர் நுணுக்கம் என்று தாண்டிப் போய்விட்டேன். பிறகு ஒரு சமயம் என் தகப்பனாருக்கு ஆபரேஷன் நடந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். கட்டிலுக்கு நேர் மேலே ட்யூப்லைட். ராத்திரியும் அணைக்க மாட்டார்கள். அப்பா ஈரத் துண்டை மடித்துக் கண்மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவார். மூன்றாம் நாள், பக்கத்து பெஞ்சில் படுத்து அந்த லைட்டை நானும் அண்ணாந்து பார்த்தேன். பைமியோ அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பைமியோவில் என்ன செய்தார்?

ஓர் அறைக்கு இரண்டே நோயாளிகள். கூரைக்கு அடர்ந்த பச்சை கலந்த நிறம், சுவருக்கு இளநிறம். விளக்கு படுத்திருப்பவர் கண்ணில் படாத இடத்தில். சூடேற்றும் தகடு கூரையிலேயே, ஆனால் சூடு காலடிப் பக்கம் போகும்படி. தலைக்கு அனல் அடிக்கக் கூடாது அல்லவா? ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. அதன் நடுவே சாய்வாகப் புகுந்து வந்தால் வெளிக்காற்றின் குளிர் தணிந்துவிடும், ஆள் மேல் சுரீரென்று அடிக்காது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாஷ் பேசின். ஒருத்தர் கை கழுவினால் மற்றவர் தூக்கம் கெடக் கூடாது. அதற்காகப் பீங்கானைத் தண்ணீர் சாய்வாக விழுகிற மாதிரி வளைத்துச் சத்தத்தைக் குறைத்தார். கதவுக் கைப்பிடியை டாக்டரின் கோட்டுக் கை மாட்டாதபடி வளைத்தார். படிக்கட்டுத் தரைக்கு நல்ல மஞ்சள் நிறம், மூடிய வானம் உள்ள நாட்டில் வெயில் மாதிரி இருக்கட்டும் என்று. நோயாளிகள் இருக்கும் பகுதி காலை வெயிலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். சமையலறை, ஊழியர் பகுதி எல்லாம் வேறு வேறு சிறகாக, அந்தந்த வேலைக்கு எந்தத் திசை வேண்டுமோ அந்தத் திசையில். கட்டிலோடு வெளியே கொண்டுவந்து படுக்கவைக்க நீண்ட பால்கனிகள்.

அப்புறம் அந்த நாற்காலி! அப்போது ஐரோப்பாவில் வளைத்த இரும்புக் குழாய் நாற்காலிதான் நாகரிகம். தொட்டால் ஜில்லென்று இருக்கும், பளபளப்பு கண்ணில் அடிக்கும். உடம்பு முடியாதவருக்கு அது எதற்கு என்று ஆல்டோ நினைத்தார். துர்க்குவில் ஓட்டோ கோர்ஹோனன் என்ற மரச்சாமான் உற்பத்தியாளரோடு சேர்ந்து, தங்கள் நாட்டுக் காட்டில் விளையும் பிர்ச் மரத்தைப் பலகைப் பலகையாக ஒட்டி வளைத்தார்கள். முதுகின் சாய்மானம் நெஞ்சு விரிந்து மூச்சு விடத் தோதானது. பைமியோ நாற்காலி என்று இன்றும் அதற்குப் பெயர்.

கட்டடம் 1933ல் திறக்கப்பட்டது. மருந்து வந்த பிறகு டி.பி. நோயாளிகள் குறைந்து, 1960களில் அது பொது மருத்துவமனையானது. திறந்த பால்கனிகளை அறைகளாக மாற்றிக்கொண்டார்கள். வியாதி போய்விட்டது, கட்டடம் நின்றது. ஒரு ஆஸ்பத்திரிக்கு இதைவிட நல்ல கதி உண்டா, சொல்லுங்கள்!

மண்ணும் மரமும் செங்கல்லும்

அதன்பின் ஆல்டோ தொட்டதெல்லாம் இந்த வழியில்தான் போயிற்று. 1935ல் முடிந்த வீபுரி நூலகத்தில் வாசிக்கும் கூடத்தின் கூரையில் 57 வட்டத் திறப்புகள். வெயில் நேராக இறங்காது, புத்தகத்தின் மேல் கை நிழல் விழாது, பகலில் விளக்கும் தேவையில்லை. அந்த ஊர் போரில் சோவியத் வசம் போய், நூலகம் சீரழிந்து, 2013ல் புதுப்பித்து முடித்தார்கள். அதே 1935ல் ஐனோவும் ஆல்டோவும் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஆர்டெக் என்ற மரச்சாமான் கம்பெனியைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான ரோவனியெமி நகரத்துக்கு, கலைமான் கொம்பு வடிவில் தெருக்கள் அமைத்துத் திட்டம் போட்டுக் கொடுத்தார்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரிக்கு ஒரு ஹாஸ்டல் கட்டினார். பேக்கர் ஹவுஸ் என்று பெயர். நேர்க்கோட்டில் கட்டாமல் பாம்பு போல் நெளித்ததால் பெரும்பாலான அறைகளுக்கு ஆறு தெரியும். சூளையில் கோணிப்போன கல்லைக்கூட ஒதுக்காமல் சுவரில் வைத்துக் கட்டச் சொன்னார். அந்தக் கட்டடம் முடிந்த 1949ம் வருஷத் தொடக்கத்தில்தான் ஐனோ புற்றுநோயால் மறைந்தார். 54 வயது. இருபத்தைந்து வருஷம் இரண்டு பேராகப் போட்ட கோடு அது. பெயர் மட்டும் பெரும்பாலும் ஒருவருக்குப் போயிற்று. தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும், தம்பிகள் இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

அந்தத் துக்கத்தோடு எடுத்த வேலை சாய்னாட்சலோ என்ற சிற்றூரின் ஊராட்சி அலுவலகம். 1952ல் முடிந்தது. சிவப்புச் செங்கல், நடுவே முற்றம். அஸ்திவாரம் தோண்டிய மண்ணை வண்டி வைத்து வெளியே கொட்டாமல், அதையே நிரப்பி முற்றத்தை உயர்த்தினார். அந்த வேலையில் உடன் உழைத்த எலிஸ்ஸா என்ற இளம் ஆர்க்கிடெக்டை அதே வருஷம் மணந்தார்.

இப்போது நாம் சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடம் என்று ரேட்டிங் வாங்கி, வாசலில் தகடு மாட்டுகிறோம். ஆல்டோ காலத்தில் தகடு கிடையாது. பக்கத்தில் கிடைப்பதைப் பயன்படுத்து, வெளிச்சத்தைச் சூரியனிடம் கேள், தோண்டிய மண்ணை வீணாக்காதே என்பதுதான் வழக்கம்.

சறுக்கல் இல்லையா என்றால், உண்டு. சும்மா புகழ்ந்துகொண்டே போனால் அது கட்டுரை இல்லை, வாழ்த்து மடல். 1971ல் ஹெல்சிங்கியில் பின்லாந்தியா மண்டபம் கட்டியபோது, இத்தாலியின் கராரா வெள்ளைப் பளிங்கைச் சுவருக்குப் போர்த்தினார். தேனிலவில் பார்த்த வெள்ளை போலும்! வடநாட்டுக் குளிரும் வெயிலும் மாறி மாறித் தாக்கி, பளிங்குப் பலகைகள் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. 1990களின் கடைசியில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். மாற்றியதும் வளைந்தது. காட்டு மரத்தை நம்பியபோது ஜெயித்த அதே மனிதர், கப்பலில் வந்த கல்லை நம்பியபோது தோற்றார். இந்த ஒரு பாடத்துக்கே அவரை இரண்டு தடவை படிக்கலாம்.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பைமியோவை அப்படியே காப்பி அடித்துவிடாதீர்கள். அவர்களுக்கு வெயில் வரம். நமக்கு மே மாதத்தில் நிழல்தான் வரம். அங்கே குளிர் உள்ளே வராமல் தடுத்த யுக்தி, இங்கே சூடு உள்ளே வராமல் தடுப்பதற்குத் திரும்ப வேண்டும். அகலத் தாழ்வாரம், ஜாலிச் சுவர், ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும் காற்று, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம்... நம்ம பாட்டிமார்களுக்கே தெரிந்தவைதான். ஆல்டோவிடமிருந்து எடுக்க வேண்டியது அவர் எங்கே படுத்து யோசித்தார் என்பதை மட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஹாஸ்டலில் சிக் ரூம் ஒன்று இருக்கிறதே, அதைப் புதிதாகக் கட்டித் தரலாமா என்று சங்கத்தில் சில வருஷமாகப் பேச்சு இருக்கிறது. மேற்கு வெயில் முழுசாக விழும் அறை. காய்ச்சலோடு அங்கே கிடந்தவர்களுக்கு அந்த அஸ்பெஸ்டாஸ் கூரையை மறக்க முடியாது. பணம் திரட்டுவது எங்கள் பொறுப்பு. முதல் வசூல் என்னுடையதாக இருக்கட்டும். வரைபடம் மட்டும் வெளியே எந்த ஆபீசும் போட வேண்டாம். நான் உட்பட! ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் போடட்டும். சிவில் மாணவர்கள் கணக்குப் பார்க்கட்டும், எலெக்ட்ரிகல் மாணவர்கள் விளக்கு எங்கே வர வேண்டும் என்று சண்டை போடட்டும்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. பென்சிலைத் தொடுவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு பகல், ஒரு ராத்திரி அந்த இரும்புக் கட்டிலில் படுத்துப் பார்க்க வேண்டும். மதியம் மூணு மணிக்கு வெயில் எங்கே விழுகிறது, பக்கத்துக் குழாய் சத்தம் எவ்வளவு கேட்கிறது, கண்ணைத் திறந்தால் முதலில் எது தெரிகிறது என்று எழுதி வையுங்கள். வரைபடத்தோடு அந்தக் குறிப்பையும் சங்கத்துக்கு அனுப்புங்கள். நான் முதலில் படிக்கப்போவது குறிப்பைத்தான்.

எல்லோரும் நலமாக இருங்கள். அடுத்த சந்திப்பில் பார்ப்போம்.

– பி.ஆர்க்., 1988-93 செட்