ஆசிரியரையும் விசாரித்த நீதிமன்றம்

எமது பாடசாலைகளிலே குடியியல் படிப்பிக்கப்படும் முறையை யாவரும் அறிவர். அரசாங்கத்தின் உறுப்புகள் மூன்று என்று ஆசிரியர் கரும்பலகையிலே எழுதுவார். மாணவர் அதனைக் கொப்பியிலே எழுதுவர். பின்னர்ப் பரீட்சை மண்டபத்திலே அதனையே மீண்டும் எழுதுவர். யான் தமிழாசிரியன், ஆயினும் ஆசிரியர் போதாத காலங்களிலே இப்பாடத்தையும் படிப்பிக்க நேர்ந்ததுண்டு.

அவ்வாறு படிப்பித்த ஒருநாள் என் நெஞ்சிலே முள்ளாய்த் தங்கிவிட்டது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதே அன்றைய பாடம். பாடத்தினிடையே, மேசைமேல் வைத்ததாக யான் எண்ணியிருந்த நிகண்டுப் பிரதியைக் காணவில்லை. முன்வாங்கிலிருந்த ஒரு மாணவன் முதல்நாள் அதனை ஆசையோடு புரட்டிப் பார்த்திருந்தான். வகுப்பின் முன்னிலையிலே அவனைக் கள்வன் என்றேன்; கையை நீட்டச் சொல்லி அடித்தேன். மாலையிலே வீடு சென்றபோது நிகண்டு அங்கே கிடந்தது. மறுநாள் அவனைத் தனியே அழைத்து ஒரு புத்தகம் கொடுத்தேன். ஆனால், பிழை என்னுடையது என்று வகுப்பறிய ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஆராயாது கள்வன் என்று ஒருவனைக் கொல்வித்து, உண்மை வெளிப்பட்டதும் தானே கள்வன் எனக் கூறி அரியணையிலே உயிர்விட்ட பாண்டியன் கதையை ஆண்டுதோறும் உணர்ச்சியோடு படிப்பித்து வந்தவன் யான்!

பல ஆண்டுகளின் பின் போலந்து தேசத்துப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தை வாசிக்கலானேன். தம் பராமரிப்பிலிருந்த பிள்ளைகள் அமைத்த நீதிமன்றத்திலே தாமே குற்றஞ்சாட்டப்பட்டவராய் நின்றவர் அவர். யானுஷ் கோர்ச்சாக் என உலகம் அறிந்த அவரைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். 1878 அல்லது 1879ஆம் ஆண்டு யூலை 22ஆந் திகதி வார்சோ நகரிலே யூத குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் மகனின் பிறப்பைப் பதிவு செய்யாது காலந்தாழ்த்தினார். ஆண்டு ஐயத்துக்கிடமானது அதனாலேயே. பிற்காலத்திலே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் குடியுரிமையின் பொருளை உணர்த்தியவர், தாம் பிறந்த ஆண்டைத் திட்டமாகக் காட்டும் பதிவுதானும் இல்லாதவராய் வாழ்ந்தார் என்பது வியப்பன்றோ!

அக்காலத்திலே போலந்து என்றொரு தனியரசு இல்லை. அயல் வல்லரசுகள் மூன்றும் அதனைப் பங்கிட்டுக்கொண்டன. வார்சோ ருஷ்ய சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. பாடசாலையிலே தாய்மொழிக்கு இடமில்லை. பிரம்புக்கோ தாராளமாக இடமிருந்தது. உடன் படித்த சிறுவன் ஒருவன் அடிக்கப்பட்ட காட்சியை அவர் முதுமை வரை மறந்தாரல்லர்.

தந்தையார் வழக்கறிஞர். சித்தங்கலங்கி நோயுற்று 1896இலே இறந்தார். வசதியாக வாழ்ந்த குடும்பம் தாழ்வுற, இளைஞர் ஹென்ரிக் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிப் பொருளீட்டினார். 1898இலே இலக்கியப் போட்டியொன்றுக்கு நாடகம் எழுதியபோது, பழைய நாவலொன்றிலிருந்து எடுத்துக்கொண்ட புனைபெயரே யானுஷ் கோர்ச்சாக் என்பது. வார்சோப் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் பயின்று, குழந்தைகள் வைத்தியசாலையிலே பணியாற்றினார். ருஷ்ய-யப்பானிய யுத்தத்திலே இராணுவ வைத்தியராகவும் சென்று மீண்டார். எழுத்தாலும் வைத்தியத்தாலும் ஒருங்கே புகழடைந்தவர், அப்புகழின் உச்சியிலே வைத்தியசாலையை விட்டு விலகி அநாதைப் பிள்ளைகளின் இல்லமொன்றுக்குத் தலைவரானார்.

1912ஆம் ஆண்டு குரோக்மால்னா வீதியிலே அவ்வில்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு யூதப் பிள்ளைகள் அங்கு வாழ்ந்தனர். ஸ்ரெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்கு வலக்கையாக நின்றார். முதலாம் உலக யுத்தத்திலே கோர்ச்சாக் போர்க்களத்துக்கு அழைக்கப்பட்டபோது இல்லத்தின் பாரத்தைச் சுமந்தவரும் அம்மையாரே. 1919இலே மரியா பால்ஸ்கா என்னும் அம்மையாரோடு சேர்ந்து, போலந்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக இன்னோர் இல்லமும் கோர்ச்சாக் உருவாக்கினார்.

இவ்வில்லங்களின் உயிர்நாடியாய் இருந்தது பிள்ளைகளின் நீதிமன்றம். ஒரு பிள்ளை தனக்குத் தீங்கிழைத்தவர் பெயரைப் பலகையிலே எழுதலாம். வாரந்தோறும் மன்று கூடும். அவ்வாரத்திலே தம்மீது வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐவர் நீதிபதிகளாகத் தெரியப்படுவர். பெரியவர் ஒருவர் எழுத்தராக இருந்து வாக்குமூலங்களைப் பதிவார். தீர்ப்பிலே அவருக்கு வாக்கில்லை.

அம்மன்றுக்கென அவர் இயற்றிய சட்டக்கோவையின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. முதலாம் இலக்கம் முதல் தொண்ணூற்றொன்பதாம் இலக்கம் வரையுள்ள பிரிவுகள் யாவும் வழக்கைத் தள்ளுவன, அல்லது மன்னிப்பன. அறியாமற் செய்தவன், கோபத்தாற் செய்தவன், செய்துவிட்டு வருந்துபவன் என ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு பிரிவு. நூறாவது பிரிவு மன்னிப்பதில்லை. அவன் அதனைச் செய்தான் என்று மட்டும் கூறும். அதன்மேல் இருநூறு, முந்நூறு என நூறுநூறாக உயரும் பிரிவுகள் குற்றத்தின் கடுமையைக் கூறுவன. ஆயிரமாவது பிரிவே இல்லத்தைவிட்டு நீக்குவது. பிரம்படியோ பட்டினியோ எந்தப் பிரிவிலும் இல்லை. எண்ணிப் பார்த்தால், மன்னிக்கும் வழிகள் தொண்ணூற்றொன்பது. கண்டிக்கும் வழிகள் பத்தே.

இது தொடக்கத்திலேயே செவ்வனே நடந்தது என்று எண்ணிவிடலாகாது. சில பிள்ளைகள் மன்றினை எள்ளி நகையாடினர். அடியில்லாத தீர்ப்பை மதியாதோர் இருந்தனர். சில்லறை வழக்குகள் மலிந்தன. மனம் நொந்த கோர்ச்சாக் நான்கு வாரம் மன்றினை நிறுத்திவைத்தார். பின்பு அதனை மீண்டும் தொடங்கியபோது புகுத்திய திருத்தங்களுள் ஒன்றே அம்மன்றின் பெருமையை நிலைநாட்டியது. இனிமேற் பிள்ளைகள், தம்மை வளர்க்கும் பெரியவர்மீதும் வழக்கிடலாம் என்பதே அது. ஆட்சி தளர்ந்தபோது அதிகாரத்தை இறுக்குவதே உலக இயற்கை; அவரோ தம் அதிகாரத்தையும் சட்டத்துக்குக் கீழ்ப்படுத்தினார்.

அவ்வுரிமையைப் பிள்ளைகள் கையாளும்வரை அவர் காத்திருந்தாரல்லர். அரையாண்டுக் காலத்திலே ஐந்து முறை தம்மைத் தாமே மன்றிலே ஒப்படைத்தார். ஒரு பையனின் காதிலே அடித்தமைக்கு ஒருமுறை. ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியமைக்கு ஒருமுறை. ஒருவனை மூலையிலே நிறுத்தியமைக்கு ஒருமுறை. சிறுவர் நீதிபதி ஒருவரை அவமதித்தமைக்கு ஒருமுறை. ஐந்தாவது, ஒரு சிறுமிமீது களவுக் குற்றம் சுமத்தியமைக்கு. இவ்விடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றிரவு மேற்கொண்டு வாசிக்க இயலவில்லை.

அவ்வழக்குகள் பற்றி அவர் பின்னர் எழுதியதன் சாரம் இது: தாம் பிழையே செய்யாத ஆசானாகிவிட்டதாக அவர் கூறவில்லை, பிழை செய்தால் பிள்ளைக்குத் துணைநிற்க ஒரு சட்டம் இருக்கின்றது என்பதையே பெரிதாகக் கருதினார்.

நீதிமன்றத்தோடு சட்டவாக்கமும் அங்கு உண்டு. இருபது உறுப்பினர் கொண்ட பிள்ளைகள் பாராளுமன்றம் இல்லத்தின் விசேட நாட்களை விதித்தது. பகற்பொழுது மிகக் குறுகிய டிசம்பர் 22இலே விரும்பியவர் நாள்முழுதும் படுக்கையை விட்டு எழாதிருக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று! புதிதாக வந்த பிள்ளைக்கு மூத்த பிள்ளையொன்று மூன்று மாதம் காவலாக அமர்த்தப்படும். பின்னர், அப்பிள்ளையைப் பற்றி ஏனையோர் கூட்டற்குறி, கழித்தற்குறி, பூச்சியம் என்னும் சீட்டுகளால் வாக்களிப்பர். வாக்குக்கேற்ப இல்லத்துக் குடியுரிமையின் படிநிலை அமையும். தாழ்ந்த படியிலுள்ளவன் முயன்று மீண்டும் வாக்கெடுப்பை வேண்டலாம். குடியுரிமை என்பது உடன்வாழ்வோரின் நம்பிக்கையால் உறுதிப்படுவது என்பதை இதனிலும் தெளிவாக எந்தப் பாடநூல் உணர்த்தும்?

பிள்ளைகள் ஆளத் தொடங்கினால் யாவும் இனிதாகும் என்று நம்பிய பேதையல்லர் கோர்ச்சாக். 1923இலே அவர் வெளியிட்ட ‘அரசன் முதலாம் மாச்சுஷ்’ என்னும் கதை அதற்குச் சான்று. தந்தையை இழந்து இளவயதிலே முடிசூடிய மாச்சுஷ், குடிகளுக்கு நன்மை செய்ய விரும்பிப் பிள்ளைகளுக்கும் பாராளுமன்றம் அமைக்கின்றான். பெரியவர்கள் பாடசாலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் அவர்கள் தொழில்களை ஏற்கின்றனர். நாடு சீர்குலைகின்றது, பகைவர் புகுகின்றனர், மாச்சுஷ் தனித்தீவுக்கு நாடுகடத்தப்படுகின்றான். உரிமையை ஒரே நாளிலே அள்ளிக் கொடுத்தல் எளிது. அதனைத் தாங்கும் பழக்கத்தை நாள்தோறும் வளர்த்தலே அரிது என்பதைச் சிறுவருக்கு இத்துணை நேர்மையோடு கூறிய கதைகள் சிலவே.

1926இலே, வார்சோவிலிருந்து வெளிவந்த யூத நாளிதழொன்றின் வெள்ளிக்கிழமை இணைப்பாகப் பிள்ளைகள் எழுதும் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சிறுவர் சிறுமியர் தம் வீட்டையும் பாடசாலையையும் பற்றிக் கடிதங்கள் எழுதினர். வானொலியிலே ‘முதிய வைத்தியர்’ என்னும் பெயரோடு பேசி மக்கள் மனத்தைக் கவர்ந்தார். யூதப் பகைமை முற்றிய 1936இலே அப்பேச்சு நின்றுபோயிற்று. 1939 செப்டெம்பர் முதலாந் திகதி, ஜேர்மனியர் போலந்தின்மேற் படையெடுத்த அதே நாளிலே, பிள்ளைகளின் பத்திரிகையும் தன் கடைசி இதழை வெளியிட்டது.

இனிக் கூறுவதை விரித்துரைக்க மனம் ஒப்பவில்லை. 1940இன் பிற்பகுதியிலே இல்லம் முழுவதும் வார்சோவின் யூதச் சிறைச்சேரிக்குள் தள்ளப்பட்டது. பிள்ளைகளுக்கென வந்த உருளைக்கிழங்கு பறிக்கப்பட்டமையை முறையிடச் சென்ற கோர்ச்சாக், யூதர் அணியவேண்டிய கைப்பட்டியை அணியாது சென்றார், அடியுண்டு சிறைப்பட்டார். வெளிவந்தபின் உணவு தேடி வீடுவீடாக அலைந்தார். இல்லத்துப் பிள்ளைகளின் தொகை இருநூறு வரை பெருகியிருந்தது. 1942 யூலை 18இலே அப்பிள்ளைகள் தாகூரின் ‘தபாற்கந்தோர்’ நாடகத்தை நடித்தனர். நோயாளிச் சிறுவன் ஒருவன் அறையினுள்ளே அடைபட்டு, அரசனின் கடிதத்துக்காகக் காத்திருந்து கண்மூடும் கதை அது. எமது உபகண்டத்துக் கவிஞரின் நாடகம் அப்பிள்ளைகளுக்குச் சாவை அஞ்சாது எதிர்கொள்ளும் பயிற்சியாயிற்று.

ஓகஸ்ட் முதல்வாரத்திலே பிள்ளைகள் யாவரும் வெளியேறுமாறு கட்டளை பிறந்தது. கோர்ச்சாக்கைத் தப்புவிக்க நண்பர் பலகால் முயன்றிருந்தனர், அவர் உடன்படவில்லை. அவரும் வில்சின்ஸ்கா அம்மையாரும் ஏனைய ஆசிரியரும் பிள்ளைகளோடு ஒழுங்காக நடந்து புகைவண்டி ஏறினர். அவ்வண்டி திரெப்ளிங்காக் கொலைக்களத்துக்குச் சென்றது. ஒருவரும் மீளவில்லை.

அப்பிள்ளைகளின் நீதிமன்றத்தால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். புறத்தே ஓர் அரசு சட்டத்தின் பெயராலேயே கொலை செய்தது. அகத்தே ஒரு சிறுவன் வைத்தியரையும் விசாரிக்கலாம் என்ற சட்டம் இருந்தது. எது அரசு, எது கொள்ளை என்று அறிய இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தலே போதும். பிள்ளைகளின் உரிமைக்கென ஓர் உடன்படிக்கை வேண்டுமென 1978இலே ஐக்கிய நாடுகளிடம் முன்மொழிந்தது போலந்தே. 1989 நவம்பர் 20இலே அது நிறைவேறியது. 1991இலே இலங்கையும் அதனை ஏற்றது.

சிலகாலத்துக்கு முன்னர் என் வகுப்பிலே இச்சரித்திரத்தைச் சொன்னேன். நிகண்டின் கதையையும் மறையாது சொன்னேன். வகுப்பு அமைதியாயிருந்தது. பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, அந்த அண்ணாவிடம் இதனைச் சொல்லிவிட்டீர்களா ஐயா என்று வினவினாள். யான் விடை கூறவில்லை.

அவர் இப்போது எங்கிருக்கின்றார் என்று அறியேன்; பிள்ளைகுட்டிகளோடு வாழும் வயதினராதல் வேண்டும். நாற்பது மாணவர் முன்னிலையிலே செய்த பிழையைத் தனியறையிலே புத்தகம் ஒன்று கொடுத்துத் தீர்த்தல் இயலாது. ஆதலின், பலர் வாசிக்கும் இப்பக்கத்திலே எழுதுகின்றேன்: தம்பி, நீர் கள்வரல்லர். நிகண்டு என் வீட்டிலேயே இருந்தது. பிழை என்னுடையது. எந்தப் பிரிவின்கீழ்த் தீர்ப்பளிப்பது என்பது உமது உரிமை.