பேசிக் தந்த கெமனி

எதில் புரோகிராம் எழுதிப் பழகுவது என்று லேபில் நமக்குள் தினமும் சண்டைதான். அதற்கு முன்னால் ஜான் கெமனியைத் தெரிஞ்சுக்கணும்.

1926-ல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். 1940-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பினார். பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனுக்கே உதவியாளர்! பிறகு டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர். சயின்ஸ் படிக்காத பிள்ளைகளும் கம்ப்யூட்டரைத் தொடணும் என்று கர்ட்ஸுடன் சேர்ந்து 1964-ல் பேசிக் மொழியை உருவாக்கினார். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்த என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். துளைபோட்ட அட்டைக் கட்டோடு காத்துக்கிடக்க வேண்டாம். டைப் அடித்தால் உடனே பதில்.

மேசைக் கம்ப்யூட்டர் வந்ததும் கம்பெனிக்கு ஒரு பேசிக். ஒன்றில் எழுதியது இன்னொன்றில் ஓடாது. மனசு பொறுக்காமல் 1985-ல் இருவரும் ட்ரூ பேசிக் கொண்டுவந்தார்கள். வரி எண் கட்டாயமில்லை. ஆனாலும் மிஷினோடு சும்மா வந்த பேசிக்கையே ஜனங்கள் விடவில்லை. 1992 டிசம்பரில் கெமனி காலமானார்.