மரதன் என்னும் அத்திவாரம்: பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட்

விளையாட்டில் ஒரு நாடு பெறும் வெற்றிகளை அந்நாட்டின் செல்வத்தையும் மக்கள்தொகையையும் கொண்டு அளந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பெரிய நாடுகள் வெல்லும், சிறிய நாடுகள் பங்குபற்றித் திரும்பும் என்பதே பொதுவான எண்ணம். 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி உரோம் ஒலிம்பிக் அரங்கில் இந்த எண்ணம் ஒரு மணித்தியாலத்துக்குள் இரு தடவைகள் பொய்த்துப் போனது. முதலில், 21 வயதான பீற்றர் ஸ்னெல் என்ற இளைஞர், அப்போதைய உலக சாதனையாளரான பெல்ஜியத்தின் ரோஜர் மூன்ஸைக் கடைசி அடிகளில் முந்தி 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அந்த ஆரவாரம் அடங்குமுன்னரே, இடது கை செயலிழந்த மரி ஹல்பேர்க் 5000 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். எட்டு நாட்களின் பின்னர் நடைபெற்ற மரதன் ஓட்டத்தில், வெறுங்காலுடன் ஓடி வரலாறு படைத்த எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலாவுக்கும் மொரோக்கோவின் ரதிக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தவர் பரி மகீ.

மூவரும் நியூஸிலாந்தைச் சேர்ந்தவர்கள். அந்நாட்டின் மக்கள்தொகை அக்காலத்தில் 25 இலட்சத்துக்கும் குறைவு. அதனிலும் வியப்புக்குரியது, மூவரும் ஒக்லண்ட் நகரின் புறநகர்ப் பகுதியொன்றில், ஒரே பாதைகளில், ஒரே மனிதரிடம் பயிற்சி பெற்றவர்கள் என்பதாகும். அந்த மனிதர் நியூஸிலாந்து அணியின் உத்தியோகபூர்வப் பயிற்றுநராகக்கூட உரோமுக்கு அனுப்பப்படவில்லை. அவர் உடற்கல்வியில் பட்டம் பெற்றவருமல்லர். பாதணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் பெயர் ஆர்தர் லிடியார்ட்.

லிடியார்ட் 1917ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி ஒக்லண்டில் பிறந்தார். இளமையில் அந்நாட்டு இளைஞர் பலரையும் போல றக்பியில் ஈடுபட்டார். அவ்வப்போது ஓட்டப் போட்டிகளிலும் கலந்துகொண்டார். தம்மை நல்ல உடற்தகுதி உள்ளவராகவே எண்ணியிருந்தார். 1940களின் நடுப்பகுதியில் ஒரு நாள் லிண்டேல் மெய்வல்லுநர் கழகத்தைச் சேர்ந்த ஜாக் டோலன் அவரை ஐந்து மைல் ஓட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அந்த ஐந்து மைலை முடிப்பதற்குள் லிடியார்ட் மூச்சுத் திணறித் தளர்ந்துபோனார். முப்பது வயதை நெருங்குமுன்னரே உடல் இப்படியென்றால் நாற்பத்தேழில் எப்படியிருக்கும் என்ற கேள்வி அவரை விடவில்லை. அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றியது அந்தக் கேள்விதான்.

அவர் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தார். அவை தந்த விடைகள் அவருக்குப் போதவில்லை. ஆகவே தமது உடலையே பரிசோதனைக் கூடமாக்கினார். சில வாரங்களில் மிகக் குறைவாகவும் சில வாரங்களில் மிக அதிகமாகவும் ஓடிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் வாரத்துக்கு 250 மைல் வரை சென்றார். குடும்பத்தைக் காப்பாற்றப் பகலில் பாதணித் தொழிற்சாலையிலும் இரவில் பால் விநியோகத்திலும் உழைத்தவாறே இதனைச் செய்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்த இந்தச் சோதனையின் முடிவில், வாரத்துக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீற்றர், தம் போன்ற ஓட்டவீரருக்கு ஏற்ற அளவு என்ற முடிவுக்கு வந்தார்.

இடையில் 1950ஆம் ஆண்டு ஒக்லண்டில் பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழா நடைபெற்றது. அப்போதைய இலங்கையின் டங்கன் வைற் தடைதாண்டல் ஓட்டத்தில் தங்கம் வென்ற விழா அது. அதே விழாவின் மரதன் ஓட்டத்தில் லிடியார்ட் நியூஸிலாந்தின் சார்பில் ஓடினார், பதக்கம் கிடைக்கவில்லை. எனினும் 1953ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் அவர் நியூஸிலாந்தின் மரதன் சம்பியனானார். அதற்குள் அயலில் இருந்த இளைஞர்கள் சிலர் அவருடன் சேர்ந்து ஓடத் தொடங்கியிருந்தனர். நாடெங்கும் தேடித் திறமைசாலிகளைப் பொறுக்கியெடுக்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. பெரும்பாலும் தம் வீட்டைத் தேடி வந்தவர்களையே அவர் பயிற்றுவித்தார்.

அக்காலத்தில் உலகெங்கும் ஆதிக்கம் செலுத்தியது இடைவெளிப் பயிற்சி முறையாகும். ஓடுதளத்தில் குறுகிய தூரத்தை வேகமாக ஓடுவது, சிறிது ஓய்வெடுப்பது, மீண்டும் ஓடுவது என்று பல தடவைகள் செய்வதே அம்முறை. லிடியார்ட் இதனை முற்றாக ஒதுக்கவில்லை. அதற்குரிய இடம் எது என்பதில்தான் வேறுபட்டார். மூச்சுக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்கும் வேகத்தில் நெடுந்தூரம் ஓடும்போது இதயம் வலுப்பெறுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. உடல் களைப்பைத் தாங்கும் எல்லை விரிகிறது. இந்த அத்திவாரம் இல்லாமல் வேகப் பயிற்சியைத் தொடங்குவது, மண்ணில் தூண் நாட்டாமல் கூரை வேய்வதற்கு ஒப்பானது என்பது அவருடைய நிலைப்பாடு.

ஆகவே அவர் ஓராண்டுப் பயிற்சியைப் பருவங்களாக வகுத்தார். முதலில் பத்து வாரங்களோ அதற்கு மேலோ மரதன் வீரருக்குரிய நெடுந்தூர ஓட்டம். அடுத்துச் சில வாரங்கள் மேட்டுநிலத்தில் துள்ளியேறும் பயிற்சி. இது கால்களுக்கு வலுவூட்டும். அதன் பின்னரே ஓடுதளத்தில் வேகப் பயிற்சி. இறுதியாக, உழைப்பைக் குறைத்து உடலைப் புத்துணர்வுடன் போட்டிக்குத் தயார்ப்படுத்தும் நாட்கள். ஆண்டு முழுவதும் எல்லாப் போட்டிகளிலும் வெல்ல முயல்வது வீண் என்றும், எந்த நாளில் வெல்ல வேண்டுமோ அந்த நாளில் வீரர் தமது உச்சத்தில் நிற்க வேண்டும் என்றும் அவர் கருதினார். இன்று உலகெங்கும் பயிற்றுநர்கள் இயல்பாகக் கைக்கொள்ளும் பருவப் பகுப்பு முறையை ஓட்டத் துறையில் வேரூன்றச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

இதில் பலரையும் திகைக்க வைத்தது, 42 கிலோமீற்றர் ஓடும் மகீக்கும் 800 மீற்றர் மட்டுமே ஓடும் ஸ்னெல்லுக்கும் அவர் ஒரே அத்திவாரத்தை விதித்தமையாகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அனைவரும் ஒக்லண்டின் மேற்கேயுள்ள வைட்டாக்கரே மலைத்தொடரில், வையட்டருவா வழியாக 22 மைல் ஓடினர். ஏற்றமும் இறக்கமும் மிகுந்த கடினமான பாதை அது. பாடசாலை நாட்களில் டென்னிஸ் ஆடிய ஸ்னெல் முதற்தடவை அந்தப் பாதையை ஓடி முடித்தபோது முற்றாகச் சோர்ந்துபோனார். ஆயினும் தொடர்ந்து வந்தார். லிடியார்ட் பாதையோரத்தில் நின்று கட்டளையிடும் பயிற்றுநர் அல்லர். அவரும் அவர்களோடு ஓடினார். தாம் செய்யாத எதையும் பிறரிடம் அவர் கேட்கவில்லை என்பதே அந்த இளைஞர்கள் அவரை நம்பியதற்கான காரணம்.

உரோம் நகரில் அந்த நம்பிக்கை பலன் தந்தது. 800 மீற்றரில் ஸ்னெல் மூன்று நாட்களில் நான்கு தடவைகள் ஓட வேண்டியிருந்தது. வேகத்தில் அவரை விஞ்சியவர்கள் இருந்தனர். நான்காவது ஓட்டத்தில் அவரளவுக்குக் களைப்பின்றி நின்றவர்கள் இருக்கவில்லை. றக்பி ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்தால் ஒரு கையின் பயனை இழந்த ஹல்பேர்க், மூன்று சுற்றுகள் எஞ்சியிருக்கையில் திடீரென வேகமெடுத்து அனைவரையும் பிரிந்து சென்றார். இறுதிச் சுற்றில் அவர் தள்ளாடியபோதிலும் எவராலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. முன்கூட்டியே வகுத்த திட்டம் அது; அதனை நிறைவேற்றும் வலு வையட்டருவாப் பாதையில் சேர்ந்தது.

மரதன் ஓட்டத்தில் இம்முறையின் வலிமை மேலும் தெளிவாக வெளிப்பட்டது. உரோமில் வெண்கலம் வென்ற மகீ அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானின் ஃபுக்குவோக்கா மரதனில் முதலிடம் பெற்றார். லிடியார்டின் இன்னொரு மாணவரான ஜெஃப் ஜூலியன் 1963இல் அதே போட்டியில் வென்றார். ஸ்னெல்லோ 1961 டிசெம்பரில் முழு மரதன் ஒன்றை 2 மணித்தியாலம் 41 நிமிடத்தில் ஓடி முடித்துவிட்டு, இரண்டு மாதங்கள் கூட நிறையாத நிலையில், 1962 ஜனவரி 27ஆம் திகதி வங்கனூயியின் புற்தரையில் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 54.4 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். அடுத்த வாரம் 800 மீற்றரிலும் உலக சாதனை அவருடையதாயிற்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீற்றரிலும் 1500 மீற்றரிலும் அவரே தங்கம் வென்றார். நெடுந்தூர ஓட்டம் வேகத்தைக் கொன்றுவிடும் என்று வாதிட்டவர்களிடம் அதன் பின்னர் விடை இருக்கவில்லை.

லிடியார்டின் இரண்டாவது சாதனையைப் பதக்கங்களால் அளக்க முடியாது. மாரடைப்புக்கு உள்ளானவர்கள் அசையாது ஓய்வெடுக்க வேண்டும் என்பதே அக்கால மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. இதயமும் ஒரு தசைதான், மெல்லப் பழக்கினால் அதுவும் வலுப்பெறும் என்று லிடியார்ட் வாதிட்டார். நடுத்தர வயதினர் கூடிய அவையொன்றில் அவர் நிகழ்த்திய உரையைத் தொடர்ந்து, 1962இல் ஒக்லண்டில் மெல்லோட்டக் கழகம் ஒன்று உருவாயிற்று. பின்னாளில் அந்நகரின் மேயரான கொலின் கே அதனை அமைப்பதில் முன்னின்றார். இதய நோயாளரும் தொப்பை விழுந்த வர்த்தகரும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அங்கே ஓடினர். அதே ஆண்டின் இறுதியில் நியூஸிலாந்து வந்த அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன், தம்மிலும் மிக மூத்த ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கி நின்றார். பின்னாளில் நைக்கி எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் இணை நிறுவுநரான அவர், ஓரெகன் மாநிலம் திரும்பியதும் மெல்லோட்டத்தைப் பரப்பலானார்; 1967இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இன்று உலகின் நகரங்களில் காலை வேளையில் ஓடும் இலட்சக்கணக்கானோரில் பலருக்கு, இப்பழக்கத்தின் வேர் ஒக்லண்டில் உள்ளது என்பது தெரியாது.

சொந்த நாட்டில் லிடியார்டுக்கு உரிய இடம் எளிதில் கிடைக்கவில்லை. அவர் ஒளிவுமறைவின்றிப் பேசுபவர். தம் கருத்தை மறுப்பவர்களைப் பொறுத்துக்கொள்ளாதவர். விளையாட்டு நிர்வாகிகளோடு அவருக்கு அடிக்கடி உரசல் ஏற்பட்டது. தவறு முழுவதும் நிர்வாகிகளுடையது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உலகமே தேடிய ஓர் அறிவைத் தம் வாசலில் வைத்துக்கொண்டு அதனை முழுமையாகப் பயன்படுத்தாத பொறுப்பு அவர்களையே சாரும். 1960களின் நடுப்பகுதியில் அவர் மெக்சிக்கோவுக்கும், அதனையடுத்துப் பின்லாந்துக்கும் அழைக்கப்பட்டுச் சென்றார். ஒரு காலத்தில் பாவோ நூர்மியை உலகுக்கு அளித்த பின்லாந்து, 1936இன் பின்னர் ஒலிம்பிக் நெடுந்தூர ஓட்டங்களில் தங்கம் காணாதிருந்தது. லிடியார்ட் அங்கே வீரர்களை விடப் பயிற்றுநர்களையே அதிகம் பயிற்றுவித்தார். தொடக்கத்தில் அங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் லாஸே விரென் 5000 மீற்றரிலும் 10,000 மீற்றரிலும், பெக்கா வசாலா 1500 மீற்றரிலும் தங்கம் வென்றபோது அந்த எதிர்ப்பு ஓய்ந்தது. 1976இல் மொன்றியலில் விரென் தம் இரு தங்கங்களையும் தக்கவைத்துக்கொண்டதோடு, 5000 மீற்றர் இறுதி ஓட்டத்துக்கு மறுநாளே மரதன் ஓடி ஐந்தாவதாக வந்தார்.

லிடியார்டின் முறை தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டதும் உண்டு. 100 மைல் என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, எவ்வளவு அதிகம் ஓடுகிறோமோ அவ்வளவு நன்று என்று எண்ணியவர்கள் பலர். அந்த ஓட்டம் சோம்பலாகவும் இருக்கக்கூடாது, உடலை வதைப்பதாகவும் இருக்கக்கூடாது. ஒவ்வொருவரும் தம் உடலின் நிலையறிந்து ஓட வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது. வளரும் பிள்ளைகளைக் கடுமையான வேகப் பயிற்சிகளால் வாட்டிப் பாடசாலைப் பருவத்திலேயே வெற்றி தேடுவதை அவர் வன்மையாகக் கண்டித்தார்.

காலந்தாழ்த்தியேனும் மதிப்பு வந்தது. 1990இல் நாட்டின் மிக உயர்ந்த கௌரவமான நியூஸிலாந்து விருது அவருக்கு வழங்கப்பட்டது. முதுமையிலும் அவர் பயணங்களை நிறுத்தவில்லை. அமெரிக்காவில் விரிவுரைச் சுற்றுப்பயணம் மேற்கொண்டிருந்த வேளையில், 2004 டிசெம்பர் 11ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் தமது 87ஆவது வயதில் காலமானார்.

அவருடைய மாணவர் ஸ்னெல் பின்னாளில் உடற்தொழிலியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, டெக்சாஸ் மாநிலத்தில் ஆய்வாளராகப் பணிபுரிந்தார். நெடுந்தூர ஓட்டத்தின் பிற்பகுதியில், மெதுவாக இயங்கும் தசைநார்கள் களைத்த பின்னர், வேகத்துக்குரிய தசைநார்களும் வேலைக்கு அழைக்கப்படுகின்றன என்று கூறி, 22 மைல் ஓட்டம் 800 மீற்றர் வீரருக்கும் உதவிய காரணத்தை அவர் விளக்கினார். பாதணித் தொழிலாளி ஒருவர் தம் கால்களால் கண்டறிந்ததற்கு அவருடைய மாணவரே அறிவியல் மொழி தந்தார். ஸ்னெல் 2019இலும், ஊனமுற்ற பிள்ளைகளின் விளையாட்டுக்காக அறக்கட்டளை நிறுவிய ஹல்பேர்க் 2022இலும் மறைந்தனர்.

ஒலிம்பிக் நெருங்கும்போது மட்டும் விழித்தெழுந்து, சில மாத முகாம்களாலும் வெளிநாட்டுப் பயணங்களாலும் பதக்கம் பெற்றுவிடலாம் என்று நம்பும் நிர்வாகங்கள் உலகெங்கும் உள்ளன. லிடியார்டிடம் பணமோ நவீன அரங்கோ அரசின் ஆதரவோ இருக்கவில்லை. மலைப்பாதையும் அயலூர் இளைஞர்களும் பொறுமையும் இருந்தன. திறமை எங்கும் பரவிக் கிடக்கிறது, அதனை வளர்க்கத் தெரிந்தவர்களும் வளரும்வரை காத்திருக்கக் கூடியவர்களும்தான் அரிது என்பதை அவருடைய வாழ்வு காட்டுகிறது. அத்தகைய ஒருவர் நம் அயலிலும் அதிகாலை வேளையில் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருக்கலாம். அவரிடம் பட்டம் இல்லை என்பதற்காகக் கடந்துபோய்விடாதிருப்பது நமது பொறுப்பு.