ஓடிடி காலத்துக்கு முன்பே சினிமாவை வீட்டுக்குக் கொண்டுவந்த காரைக்குடிக்காரர்: யார் இந்த ஏவி.எம். மெய்யப்பன்?

வியாழக்கிழமை ராத்திரி ஆனாலே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி வந்துவிடும். இந்த வாரம் ஓடிடியில் என்ன படம்? போன மாதம் தியேட்டரில் ஓடிய படம் இந்த வாரம் வீட்டு ஹாலுக்கே வந்துவிடுகிறது. பிள்ளையார்பட்டி கற்பக விநாயகரைப் பார்க்க வரிசையில் நிற்பவர் கையில் இருக்கும் போனிலும் அதே படம் ரெடி.

ஆனா, சினிமா வீட்டுக்குள் வந்தது இன்னைக்கு நேற்று நடந்த விஷயம் இல்லை. அந்தக் கதையின் முக்கியமான ஆரம்பம் பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்திலேயே, காரைக்குடியில் இருந்த ஒரு கடையில் இருக்கிறது. அந்தக் கடையில் வளர்ந்த பையன்தான் பின்னாளில் ஏவி.எம். என்ற மூன்று எழுத்தாக மாறிய ஏவி. மெய்யப்பன்.

கடையில் தொடங்கிய கதை

மெய்யப்பன் பிறந்தது 1907 ஜூலை 28. ஊர் காரைக்குடி. அப்பா ஆவிச்சி செட்டியார். நகரத்தார் குடும்பம். பிள்ளையார்பட்டி உள்பட ஒன்பது நகரக் கோயில்களை மையமாகக் கொண்ட சமூகம் அது. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்தவர்கள் அதிகம்.

ஆவிச்சி செட்டியார் உள்ளூரில் ஏவி அண்ட் சன்ஸ் என்ற கடையை நடத்தினார். அங்கே கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்பனைக்கு இருந்தன. சின்ன வயதிலேயே கடைக்கு வந்துவிட்ட மெய்யப்பனுக்கு ஒரு விஷயம் புரிந்தது. யாரோ தயாரித்த தட்டை வாங்கி விற்பதைவிட, நாமே தயாரித்தால் என்ன?

அந்த யோசனையோடு சென்னைக்குப் போனார். கே.எஸ். நாராயண ஐயங்கார், சுப்பையா செட்டியார் போன்ற நண்பர்களுடன் சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ஜெர்மன் கம்பெனியான ஓடியனின் இசைத்தட்டுகள் தென்னிந்தியாவில் இந்த நிறுவனம் வழியாக வந்தன.

அப்போ ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடும் நேரம் சுமார் மூன்றரை நிமிஷம்தான். அதற்குள் கேட்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். குரல் சரியில்லை என்றால் தட்டு விற்காது. இந்தப் பாடம் மெய்யப்பனின் சினிமா வாழ்க்கை முழுவதும் கூடவே வந்தது.

முதல் இரண்டு படமும் தோல்வி

1931-ல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது. படம் பேசவும் பாடவும் ஆரம்பித்துவிட்டது என்றால் அது இசைத்தட்டு வியாபாரத்தோடு ஒட்டிய தொழில்தானே? மெய்யப்பனும் இறங்கினார். கல்கத்தாவில் எடுத்த 'அல்லி அர்ஜுனா' தோல்வி. அடுத்து வந்த 'ரத்னாவளி'யும் கைகொடுக்கவில்லை.

இரண்டு அடி விழுந்தும் அவர் ஊருக்குத் திரும்பவில்லை. பெங்களூரைச் சேர்ந்த தியேட்டர் உரிமையாளர் ஜெயந்திலாலுடன் சேர்ந்து பிரகதி பிக்சர்ஸ் தொடங்கினார். 1938-ல் வந்த 'நந்தகுமார்' அவரை நிமிர்த்தியது. டி.ஆர். மகாலிங்கம் சினிமாவுக்கு அறிமுகமான படம் இது. திரையில் ஒருவர் நடிக்க, லலிதா வெங்கட்ராமன் பாடிய குரல் அதற்குப் பொருத்தப்பட்டது. தமிழில் பின்னணி பாடுவதற்கான ஆரம்பமாக இந்தப் படத்தைத்தான் சொல்கிறார்கள்.

1941-ல் 'சபாபதி' என்ற முழு நீள நகைச்சுவைப் படம் வந்தது. 1943-ல் கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ஓடவிட்டார். தமிழுக்கு டப்பிங் செய்யப்பட்ட முதல் படம் என்ற பெயர் அதற்கு உண்டு. இன்னைக்கு ஓடிடியில் ஒரே படத்துக்கு ஐந்து மொழி பட்டன் இருக்கிறதே, அதன் தாத்தா இதுதான்.

1945-ல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி ருக்மிணியின் பாட்டுக் குரல் அவருக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். படம் பெரிய வெற்றி.

காரைக்குடிக்கே வந்த ஸ்டூடியோ

1945 அக்டோபர் 14 அன்று ஏவி.எம். புரொடக்ஷன்ஸ் சென்னை சாந்தோமில் பிறந்தது. ஆனா ஸ்டூடியோ அங்கே அமையவில்லை. உலகப் போரால் சென்னையில் மின்சாரக் கட்டுப்பாடு. அதனால் மெய்யப்பன் சொந்த மண்ணுக்கே வந்தார். காரைக்குடி பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையும் அதைச் சுற்றிய இடமும் ஸ்டூடியோ ஆயின.

அங்கே உருவானதுதான் 'நாம் இருவர்'. மெய்யப்பனே இயக்கிய படம். 1947 ஜனவரியில், பொங்கலை ஒட்டி ரிலீஸ். சுதந்திரம் கிடைக்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. சுதந்திரம் வந்துவிட்டதாகவே பாடும் பாரதியார் பாட்டை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். தியேட்டரில் கேட்டவர்கள் இசைத்தட்டாக வாங்கி வீட்டிலும் கேட்டார்கள். கச்சேரிக்குப் போக வழியில்லாத வீட்டிலும் பட்டம்மாளின் குரல் ஒலித்தது.

பாரதி பாட்டு யாருக்குச் சொந்தம்?

மெய்யப்பன் வாழ்க்கையின் முக்கியமான திருப்பம் இங்கேதான் வருகிறது. இன்னைக்கு டிஜிட்டல் ரைட்ஸ் என்று சொல்கிறோமே, அதே மாதிரி ஒரு சிக்கல் அப்போதும் இருந்தது.

பாரதியார் 1921-ல் காலமானார். அவருடைய எழுத்தைப் புத்தகமாகப் போடும் உரிமை ஓரிடத்தில் இருந்தது. பாடல்களை இசைத்தட்டில், படத்தில் பயன்படுத்தும் உரிமை தனியாக விற்கப்பட்டு, ஒரு கட்டத்தில் மெய்யப்பன் கைக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கிய சரக்கு. சட்டப்படி அவருடையது.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது பிரச்சினை வெடித்தது. உரிமை என்னிடம் இருக்கும்போது அனுமதி இல்லாமல் எப்படிப் பயன்படுத்தலாம் என்பது மெய்யப்பன் தரப்பு வாதம். நாட்டுக்காகப் பாடிய கவிஞரின் பாட்டை ஒரு தனி ஆள் எப்படிப் பூட்டிவைக்கலாம் என்பது எதிர்த்தரப்பு கேள்வி. எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் பாரதி பாடல்களைப் பொதுவாக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. பாரதியை வீடுவீடாகக் கொண்டுபோனவரே மெய்யப்பன்தான். அதே பாட்டின் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில், சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைத் தானே எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. மெய்யப்பன் தன்னிடம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமலே அரசிடம் ஒப்படைத்தார். பின்னாளில் பாரதி படைப்புகள் முழுக்கப் பொதுச் சொத்தாயின. இன்னைக்கு யார் வேண்டுமானாலும் பாரதி பாட்டை யூடியூபில் பாடிப் போடலாம் என்றால், அதற்குப் பின்னால் இந்த விட்டுக்கொடுத்தலும் இருக்கிறது.

வடபழனி உருண்டை

1948-ல் ஸ்டூடியோ சென்னை வடபழனிக்கு மாறியது. சுழலும் உலக உருண்டையை அடையாளமாகக் கொண்ட அந்த இடத்தில் இருந்து வந்த பெயர்களின் பட்டியல் நீளம். 1949-ல் 'வாழ்க்கை' மூலம் வைஜெயந்திமாலா. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் சிவாஜி கணேசன். 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாகக் கமல்ஹாசன்.

'பராசக்தி'க்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. கலைஞர் எழுதிய வசனம் இசைத்தட்டில் வந்து ஊர் ஊராகச் சுற்றியது. படம் பார்க்காதவர்கள்கூட வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். பிறகு ரேடியோவில் ஒலிச்சித்திரம், கோயில் திருவிழா மைக்செட்டில் கதை வசனம் என்று படத்தைக் காதால் பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டில் பல வருஷம் நீடித்தது.

பாட்டால் சம்பாதித்த இதே மனிதர் 1954-ல் பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தையும் எடுத்தார். எஸ். பாலசந்தர் இயக்கம். இசைத்தட்டாக விற்க ஒரு பாட்டுகூட இல்லாத படம். அன்றைய வசூல் பெரிதாக இல்லை என்றாலும், இன்றும் தேடிப் பார்க்கப்படும் பழைய தமிழ்ப் படங்களில் அதற்குத் தனி இடம்.

அவர் பார்க்காத வீட்டுத் திரை

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. சினிமா முதல்முறையாகப் படத்தோடு வீட்டுக்குள் வர ஆரம்பித்ததை மெய்யப்பன் பார்த்தார். வீடியோ கேசட் காலத்தைப் பார்க்கவில்லை. 1979 ஆகஸ்ட் 12 அன்று, 72 வயதில் காலமானார். டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த எண்பதுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. அப்புறம் விசிடி, டிவிடி, இப்போ ஓடிடி.

தட்டு கேசட் ஆனது, கேசட் செயலி ஆனது. ஆனா ஒவ்வொரு முறையும் கேள்விகள் அதேதான். வீட்டில் இருக்கும் ஆளை மூன்று நிமிஷம் உட்காரவைப்பது எப்படி? அந்தப் பாட்டும் படமும் யாருக்குச் சொந்தம்? முதல் கேள்விக்கு மெய்யப்பன் காரைக்குடி கடையிலேயே பதில் தேட ஆரம்பித்துவிட்டார். இரண்டாவதற்கு, பாரதி விஷயத்தில், கையில் இருந்ததைக் கொடுத்துப் பதில் சொன்னார்.

இந்த வார ஓடிடி பட்டியலைத் தேடும்போது, பழைய படங்கள் பகுதியையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'அந்த நாள்' கண்ணில் பட்டால், அதையே இந்த வாரப் படமாக வைத்துக்கொள்ளலாம்.